முதல் தரமே ஓடியது

என் மனைவி தவமணி சரியாக எழுதியதைப் பிழை என்று சொன்னவன் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்தருகே, தேயிலை ஏற்றி அனுப்பும் ஒரு கம்பனியில் நான் கிளாக்கர். அங்கே புதிதாகக் கொம்பியூட்டர் ஒன்று வந்து இறங்கியது. அதற்கு வரி வரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் புரோகிராம் என்றார்கள். என்னையும் கிண்ணியா நஸீரையும் அதில் பழகவிட்டார்கள்.

தவமணி கிளிவெட்டிக்காரி. கணிதத்தில் கெட்டிக்காரி, பல்கலைக்கழகம் கிடைக்காமல் என்னைக் கட்டியவள். எனக்கும் காட்டித் தாருங்கோ என்று கேட்டாள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது... நம்புவீர்களா?

லூப்பில் தொடங்கினோம். ஒரே வேலையை மெஷின் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று அது. எங்கே தொடங்குவது, ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுவது, எப்போது நிற்பது என்பவற்றை முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். குசினி மேசையிலிருந்து எழுதித் தருவாள். காலையில் கொண்டுபோய் மெஷினில் அடித்துப் பார்த்து, மாலையில் முடிவைச் சொல்வேன். அவள் அந்த மெஷினைக் கண்ணால் கண்டதில்லை. என் வாய்ச்சொல்தான் அவளுக்கு மெஷின்.

ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டும் அவளது முதல் லூப் நிற்காமல் ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை ஒன்றால் கூட்ட மறந்திருந்தாள். பிழையை நான் சொல்லிவிடவில்லை. கட்டம் கீறி, சுற்றுக்குச் சுற்று எண் என்னவாகிறது என்று கையால் நிரப்பச் சொன்னேன். பாதியிலேயே பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தாள். எண் மாறவேயில்லை! தானே திருத்தினாள். அன்று நான் நல்ல மனிதனாக இருந்தேன்.

பிறகு கம்பனி ஒரு பரீட்சை அறிவித்தது. தேறும் ஒருவருக்குக் கொழும்பில் பயிற்சி. திரும்பி வந்ததும் கொம்பியூட்டர்ப் பகுதியில் வேலை. வெளியாரும் எழுதலாம். நான் எழுதவிருந்தேன். தானும் எழுதப்போவதாகத் தவமணி சொன்னாள். ஓம், எழுதும் என்றேன்.

அந்தக் கிழமை அவளுக்குக் கொஞ்சம் கடினமான பயிற்சி கொடுத்தேன். நூறு வரையுள்ள எண்களில் ஏழால் வகுபடுபவற்றை மட்டும் கூட்டுவது. எனக்கு நாட்கணக்காக வசப்படாமல் இருந்தது அது. அவள் எழுதியதை நஸீர் அடித்தான். உடனே விடை வந்தது. என்னைவிட என் மனுசி கெட்டிக்காரி என்று பகிடியாகச் சொல்லிச் சிரித்தான். எனக்குக் காது சுட்டது.

மாலையில், என்ன மாதிரி என்று வாசலிலேயே கேட்டாள். லூப் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது என்றேன்.

ஏன் சொன்னேன்? அவள் தேறிவிடுவாள் என்ற பயமா? என்னிடம் கற்றவள் என்னைத் தாண்டுவதா என்ற குமைச்சலா? இன்னும் எனக்குத் தெரியவில்லை... தெரியாது என்று சொல்லித் தப்பப் பார்க்கிறேனோ?

நான் கற்றுக்கொடுத்தபடியே கட்டம் கீறினாள். நிரப்பினாள். அழித்துவிட்டு மறுபடியும் நிரப்பினாள்.

“இஞ்ச பாருங்கோ, எண் கூடுதுதானே. நூறு தாண்ட நிக்கத்தானே வேணும்?”

“மெஷின் பொய் சொல்லாது, தவம்.”

அதைக் கேட்டுத் தன்னையே சந்தேகித்தாள். சரியாயிருந்த ஒரு வரியை அழித்துப் பிழையாக எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இனிச் சரிவரும் போலக் கிடக்கு என்றும் சொன்னேன்! அடுத்த நாள் அதுவும் நிற்கவில்லை என்றேன். அது மட்டும் உண்மை.

தனக்கு இது ஏலாது என்று அவள் விண்ணப்பிக்கவில்லை. நான் பரீட்சை எழுதித் தோற்றேன். தேறியவன் நஸீர்.

கொழும்புக்குப் புறப்படுமுன் பயணம் சொல்ல வந்தான். கதிரையில் அமர்ந்ததும் தவமணியிடம் கேட்டான்.

“ஏன் தங்கச்சி சோதினைக்கு வரல்ல? நீங்க எழுதின ஏழாம் வாய்ப்பாட்டுக் கணக்கு முதல் தரமே ஓடிச்சே. நான்தானே அடிச்சன்.”

தவமணி என்னைப் பார்க்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். படலை வரை போய் வழியனுப்பினாள்.

திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

“நான் சரியானதை அழிக்கேக்குள்ள, பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?”

“ஓம்.”

“மெஷினை நான் நம்பேல்ல. உங்களைத்தான் நம்பினனான்.”

அவ்வளவுதான். அழவில்லை, ஏசவில்லை. அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை. வேறொரு பரீட்சை வந்தபோது உதவுகிறேன் என்றேன். அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

அவள் என்னை விட்டுப் போகவில்லை. சமைக்கிறாள், பேசுகிறாள், நோய் வந்தால் பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் ஐந்து மணிக்கு பஸ் என்று நான் சொன்னால், அடுத்த வீட்டில் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவாள்.

நேற்று, வெளியே மழை தூறுது என்றேன். தவமணி எழுந்து போய் யன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.