சாவியை மட்டும் கழட்டாதீங்க நானா

வண்டியையும் லெப்டொப்பையும் வயரால மாட்டி, கோளாறு என்னன்னு ரெண்டையும் பேச வைக்கிறதுதான் என் தொழில். ரெண்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டா பேச்சு வாங்குறவனும் நான்தான். இலங்கையில யுத்தம் முடியாத அந்த வருஷங்கள்ல மாத்தளை டவுன்ல ஒரு கராஜ்ல இருந்தேன். இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

லைட் எரியுதே

என் லெப்டொப் செகண்ட் ஹேண்ட். சார்ஜரைப் பிடுங்கினா கொஞ்ச நேரத்துலயே மூச்சை விட்டுடும். வண்டியில இருந்து வர்ற வயரை எந்த ஓட்டையில செருகிப் பழக்கினமோ, அந்த ஓட்டையிலதான் செருகணும். வேற ஓட்டையில செருகினா "கனெக்ஷன் இல்ல"ன்னு திரையில எழுதிட்டுக் கம்முன்னு இருக்கும்.

ஒருநாள் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் சொஃப்ட்வேரை அழிச்சு அழிச்சுப் போட்டேன். கண்ணெல்லாம் எரிஞ்சுது. கடைசியில பார்த்தா, மேசையைத் துடைக்கிறேன்னு கராஜ் முதலாளி சுனில் ஐயா வயரைக் கழட்டிப் பக்கத்து ஓட்டையில மாட்டியிருக்காரு. கேட்டதுக்கு அவர் சொன்னது: "வயர்ல லைட் எரியுதுதானே தம்பி, பிறகு என்ன குறை?"

நிக்கிற வேன்

ஃபாரூக் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம்) நாலந்தாவுல இருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு நோயாளிங்கள ஏத்திக்கிட்டு வர்றவரு. அவரோட வேன் திடீர்னு அணைஞ்சு போகுதாம். எங்கன்னு கேட்டேன். நாலந்தா ரோட்டுல ராணுவம் மறிச்சுச் சோதிக்கிற செக்பொயிண்டைத் தாண்டி பத்தடி போனதும்னாரு.

கையில இருந்த வேலையைப் போட்டுட்டேன். சோதிச்சு அனுப்பின வேன் போகாம அங்கேயே நின்னா, ஆமிக்காரன் என்ன நினைப்பான்? போன தடவை துவக்கைத் தூக்கிட்டாங்களாம். வேனுக்குள்ள பிள்ளைத்தாச்சி ஒருத்தி இருந்திருக்கா. இதைத் திருத்தாம ரோட்டுக்குப் போகக் கூடாதுன்னு அவர் பொஞ்சாதி அழுதிருக்காங்க. நானா சத்தமில்லாம சொன்னாரு: "அடுத்த தடவ அவன் சுட்டுட்டுத்தான் கேப்பான் தம்பி."

கை

வேன்ல லெப்டொப்பை மாட்டிக்கிட்டு உக்குவளைப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். பல்லேபொலைப் பக்கமும் ஓடினோம். வேன் ஒரு தடவை கூட நிக்கல. சரின்னு நாலந்தா ரோட்டுக்கே போனோம். செக்பொயிண்ட் வந்ததும் லெப்டொப்ல எஞ்சின் ஓட்டத்தை எழுதிக்கிட்டு வந்த பதிவு அறுந்து போச்சு, அதுக்குப் பிறகு எஞ்சின் என்ன செய்யுதுன்னு பிடிக்க முடியல. மறுநாளும் அதே இடத்துல அறுந்துச்சு. வயரை மாத்தினேன், டேப் சுத்தினேன், சொஃப்ட்வேரைத் திரும்பவும் போட்டேன். போதும்டா சாமின்னு ஆகிடுச்சு.

அப்புறம் ஒரு தேத்தண்ணிக் கடையில வேனை நிறுத்தினப்பதான் அவர் கையைக் கவனிச்சேன். வேன் நின்ன உடனே சாவியைக் கழட்டி, முன் கண்ணாடிக்குக் கீழ எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சாரு. செக்பொயிண்ட்ல செய்யச் சொல்ற மாதிரியே பட்டப்பகல்ல உள் லைட்டையும் போட்டாரு. சாவி வெளிய வந்தா வண்டிக் கொம்பியூட்டர் செத்துடும். லெப்டொப் யாரோட பேசும்? எஞ்சினை நிறுத்துங்க, சாவியை மட்டும் கழட்டாதீங்க நானான்னு கெஞ்சினேன். சரின்னு தலையாட்டினாரு. அடுத்து மாடு குறுக்க வந்து நின்னப்பவும் சாவி வெளிய வந்துடுச்சு. முந்தி ஒருக்கா செக்பொயிண்ட்ல சாவி எடுக்கச் சுணங்கினதுக்கு அவரை ரோட்டுல முழங்கால்ல நிக்க வச்சிருக்காங்க. "நான் எடுக்கல்ல தம்பி, கை எடுக்குது."

சாட்சி

வேற வழியில்ல. செக்பொயிண்ட்ல அவர் சாவியைத் திரும்பப் போட்ட உடனே நான் கனெக்ஷன் எடுக்கணும். மடியில திறந்த லெப்டொப், காலடியில வயர், சட்டைப் பையில தமிழன் பேர் போட்ட அடையாள அட்டை. எட்டிப் பார்த்த ஆமிக்காரனுக்குச் சிங்களத்துல எல்லாத்தையும் விளக்கினேன். அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போகச் சொன்னான்.

நானா ஸ்டார்ட் பண்ணினாரு. கனெக்ஷன் புண்ணியத்துக்குக் கிடைச்சுது. வேன் பத்தடி உருண்டுச்சு. எஞ்சின் சுத்துறதைக் காட்டுற கோடு தொப்புன்னு கீழ விழுந்துச்சு, வேன் அணைஞ்சுது. பின்னால துவக்கு லோட் பண்ற சத்தம் கேட்டுச்சு. நானா ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. நான் லெப்டொப்பை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிச்சேன். அதே ஆமிக்காரன் நடந்து வந்தான். மத்தவங்களைக் கையால நிறுத்திட்டு, விழுந்து கிடந்த கோட்டைப் பார்த்தான். பிறகு சிங்களத்துல சொன்னான்: "இன்னைக்கு உன் பெட்டி சாட்சி சொல்லுது, நாளைக்கு இந்த மனுசன் தனியா வந்து நின்னா?"

சென்சர்

கோடு ஒரேயடியா விழுந்ததால, எஞ்சின் சுத்துறதை அளக்கிற சென்சர்லதான் குறைன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே அதை மாத்தினேன். நானாவுக்கு விளக்கமும் சொன்னேன். ஓடிக்கிட்டே இருந்தா காத்து பட்டு அது தாங்கும். சூடா இருக்கிற எஞ்சினை நிறுத்தினா அந்தச் சூடு முழுக்க அது மேல ஏறும். திரும்ப எடுத்துப் பத்தடி போறதுக்குள்ள செத்துடும். நிறுத்தின உடனே எடுத்தாலும், ரொம்ப நேரம் ஆறவிட்டு எடுத்தாலும் ஒண்ணுமில்ல; செக்பொயிண்ட் சோதனை ரெண்டுக்கும் நடுவுல, அதனாலதான் எப்பவும் அந்த இடத்துலயே நின்னுச்சு.

நானா புதுச் சென்சரைப் பார்க்கல, பழசையே உள்ளங்கையில வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாரு. பிறகு கேட்டாரு: "அப்ப, யாரும் நிறுத்தச் சொல்லாத ரோட்டுல ஓடியிருந்தா இது நின்னே இருக்காது, அப்படித்தானே தம்பி?"

அந்த செக்பொயிண்டைக் கழட்டி ரொம்ப நாளாச்சு, ஆனா இப்பவும் உக்குவளை ரயில் கேட்ல வண்டியை நிறுத்தினா என் கை தானாப் போய்ச் சாவியைக் கழட்டி முன்னால வைக்குது, நானும் பக்கத்து சீட்ல இருக்கிற லெப்டொப்பைப் பார்த்துக் கனெக்ஷன் ஏன் போச்சுன்னு திட்டிக்கிட்டு இருக்கேன்.