இரண்டு வார்த்தை

போளூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது கன்னியப்பனின் மகள் போன் செய்தாள். “சார், அப்பா தவறிட்டாரு. காலைல டீ குடிச்சிட்டு உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. வந்துடுங்க சார்.” திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் துக்கம்தான். இறங்கிய இடத்தில் அது கோபமாக மாறிவிட்டது, ஏனென்றால் பேருந்து நிலையச் சுவரில் அதற்குள் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

“விண்வெளி நிலையத்தோடு பேசிய வித்தகருக்குக் கண்ணீர் அஞ்சலி.” கன்னியப்பன் படம் தீப்பெட்டி அளவுக்கு மூலையில் கிடந்தது. நடுவில் கைகூப்பி நின்றவர், நான் இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் அப்போது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக இருந்தவர். பள்ளியின் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். தலைவர் என்றே சொல்கிறேன். கன்னியப்பன் விண்வெளி நிலையத்தோடு ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பேசியது யார் என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் மைக்செட் கன்னியப்பன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிதான். பரீட்சை எழுதி, வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்துக்கொள்ள உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர் என்பது சிலருக்கே தெரியும். 1989 என்று நினைக்கிறேன், ஒருநாள் மதியம் இயற்பியல் ஆய்வகத்துக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தார். “சார், ரஷ்யாக்காரன் மேல இருந்து இருமுறான் சார்! நான் கேட்டேன்!” ரஷ்யர்களின் விண்வெளி நிலையத்தில் இருந்த ஒருவரின் குரல் அவர் வீட்டு மாடி ஆன்டெனாவில் விழுந்திருக்கிறது. பதிலுக்கு நீங்கள் பேச வேண்டியதுதானே என்றேன். “நம்ம ஊர்ல பேசறவன் ஜாஸ்தி சார், கேக்கறவன் கம்மி. நான் கேக்கறேன்” என்றார்.

மைக்கைப் பற்றி அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு தீபத் திருவிழாவில், தொலைந்த குழந்தைகளுக்கான அறிவிப்புக் கூடத்தில் அவருடைய செட் ஓடியது. வட்டாரப் பிரமுகர் ஒருவர் வந்து, பக்தர்களுக்கு வாழ்த்துச் சொல்ல மைக்கைக் கேட்டார். அழுதுகொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையின் வாயருகில் மைக்கைப் பிடித்திருந்த கன்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணே, இந்தப் புள்ள பேசட்டும். இத்தனை ஜனத்துல இதோட அம்மா காதுக்கு இது குரல்தான் தெரியும்.” அடுத்த வருடம் அந்தக் கூடத்துக்கு வேறொருவரின் மைக்செட் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பல நாடுகள் சேர்ந்து கட்டிய நிலையத்தில் மனிதர்கள் தங்க ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு ஹாம் ரேடியோ இருந்தது. உலகத்துப் பள்ளிகள் வரிசையில் நின்று, ஆளுக்கொரு முறை அதில் பேசலாம். வரிசையைப் பார்த்துக்கொண்டவர்கள் சம்பளமில்லாத ஹாம்கள். எங்களோடு தொடர்பில் இருந்தவர்கள் ஹாலந்தில் ஒரு தச்சர், கனடாவில் ஒரு நூலகர், நியூசிலாந்தில் ஒரு பல் மருத்துவர். கன்னியப்பன் தமிழில் சொல்லச் சொல்ல, செங்கம் ரோடு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. எந்த நாளில், எந்த நிமிடத்தில், எத்தனை பாகை உயரத்தில் நிலையம் வரும், எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்கும் என்று எல்லாம் முன்கூட்டியே போக வேண்டும். நிலையம் நம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

பத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்தோம். சாப்பாட்டு இடைவேளையில் அவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரே மூச்சில் கேள்வி கேட்டு, முடிந்தது என்பதற்கு “ஓவர்” சொல்லக் கன்னியப்பன் பழக்கினார். வேர்த்தால் வேர்வை எங்கே போகும் என்று ஒருத்தி. நாளைக்குப் பதினாறு முறை பொழுது விடிந்தால் எந்த விடியலுக்குப் பல் தேய்ப்பீர்கள் என்று இன்னொருத்தி. அந்தக் கேள்விக்கு நியூசிலாந்துப் பல் மருத்துவர் தனியாகப் பாராட்டு எழுதினார்.

இந்த நேரத்தில் தலைவருக்கு விஷயம் எட்டியது. “நானும் ரெண்டு வார்த்தை பேசிடறேன்” என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் அடித்தேன்: தலைவர் இரண்டு வார்த்தை பேச விரும்புகிறார். ஹாலந்துத் தச்சர் நல்ல மனிதர். “இரண்டு வார்த்தைக்கு ஆட்சேபம் இல்லை. எந்த இரண்டு வார்த்தை என்று தெரிவித்தால் விண்வெளி வீரருக்கும் சொல்லிவிடுகிறோம்” என்று பதில் போட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கன்னியப்பன் சிரிக்கவில்லை.

“சார், நம்ம ஊரு ரெண்டு வார்த்தை எவ்ளோ நீளம்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு பேட்டரி காலியாயிருக்குது. இது வேணாம்னு எழுதுங்க.”

“பார்த்துக்கலாம் கன்னியப்பன்” என்றேன். நான் எழுதவில்லை.

அந்த நாள் வந்தது. ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் எங்களிடம் இல்லை. நிலையம் நகர நகர, கையில் பிடித்துத் திருப்ப வேண்டும். அந்த வேலையை நம்பி வேறு யாரிடமும் கொடுக்க முடியாது என்று கன்னியப்பனே பள்ளி மாடியில் நின்றார். கீழே மண்டபத்தில், ரேடியோ மேசையில் நான். பேசுவதற்கான சுவிட்சை அழுத்துவது என் வேலை. அதை அழுத்தியிருக்கும்வரை விண்வெளியில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்காது.

நிலையத்திலிருந்து குரல் வந்ததும் மண்டபமே கைதட்டியது. தலைவர் மைக்கை வாங்கினார், நான் சுவிட்சை அழுத்தினேன். “விண்வெளியில் வீற்றிருக்கும் வீரர் அவர்களே” என்று ஆரம்பித்தார். தலைமையாசிரியையை விளித்தார், மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் விளித்தார். பள்ளிக்குச் சைக்கிள் ஷெட் கட்டிக் கொடுத்ததைப் பூமிக்கு வெளியேயும் அறிவித்தார். தமிழ் தெரியாத அந்த மனிதரிடம் திருக்குறள் சொல்லி விளக்கமும் சொன்னார். வரிசையில் நின்ற பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து கன்னியப்பன் கத்தினார்: “சார்! கைய எடுங்க சார்! புள்ளைங்களுக்கு வுடுங்க சார்!”

எனக்குக் கேட்டது. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. தலைவர் நினைத்தால் என்னை எங்கே வேண்டுமானாலும் தூக்கி அடிக்க முடியும், என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. நான் கையை எடுக்கவில்லை. அடுத்த வருடமே போளூருக்கு மாற்றிவிட்டார்கள், பயந்ததும் வீண்.

தலைவர் முடித்து, நான் சுவிட்சை விட்டபோது, விண்வெளியிலிருந்து அந்தக் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: “குழந்தைகள் இருக்கிறார்களா? குழந்தைகள் யாராவது இருக்கிறார்களா?” முதல் பெண் வேர்வையைப் பற்றிக் கேட்டாள். பாதிப் பதிலில் இரைச்சல் வந்து மூடிவிட்டது. மற்ற ஒன்பது பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கன்னியப்பன் இறங்கி வந்து கேபிளைச் சுருட்டினார். பெண்களிடம் மட்டும் பேசினார். “உங்க மேல தப்பு இல்லம்மா. நீங்க கரெக்டா நின்னீங்க.”

மறுநாள் ஹாலந்து, கனடா, நியூசிலாந்து ஹாம்கள் மூன்று பேருக்கும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. “மைக் பழுதுன்னு எழுதுங்க சார். சுவிட்ச் மாட்டிக்கிச்சு, என் மைக்குன்னு எழுதுங்க” என்றார். நான் தயங்கினேன். “மைக் பழுதுன்னா ஒருத்தன் பேருதான் கெடும். ஆளு பழுதுன்னு எழுதினா நம்மளுக்கப்புறம் வரிசையில நிக்கற பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கெடும் சார். உங்களுக்கும் கெடும்.” நான் அடித்தேன், அனுப்பினேன். கருவிகள் நம்பத்தகாத வானொலி நிலையம் என்று, உரிமத்தோடு அவருக்குக் கிடைத்திருந்த அழைப்புக் குறிக்கு எதிரே குறித்துக்கொண்டார்கள். மூன்று முறை மறுபடி விண்ணப்பித்தார், மூன்று முறையும் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் மைக் கட்டி ஒருநாளும் பழுது என்று பெயர் வாங்காத மனிதர் அவர். அந்தப் பெருந்தன்மையின் மேலும் எனக்குக் கோபம்தான். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இந்தப் போஸ்டரைப் பார்த்துப் பல்லைக் கடிக்கவாவது எனக்கு யோக்கியதை இருந்திருக்கும்.

காரியம் முடிந்த அன்று அந்த மூன்று பேருக்கும் கடிதம் எழுதினேன். அவருடைய மைக் நன்றாக இருந்தது, சுவிட்சின் மேல் இருந்தது என் விரல், மாடியிலிருந்து அவர் கத்தியது எனக்குக் கேட்டது, கேட்டும் எடுக்கவில்லை என்று எழுதினேன். அவருடைய அழைப்புக் குறிக்கு எதிரே இருப்பதை அடித்துவிட்டு அங்கே என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். கன்னியப்பனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றுதான். அது என்னுடையது.