முடியாது என்று நான் சொன்னது

என் மனைவி மதகடிப்பட்டு பிரவுசிங் சென்டரில் பகுதிநேர பி.டெக். விண்ணப்பத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்த அன்று எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, சுத்தமான வயிற்றெரிச்சல். அவள் வில்லியனூரில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் ஆபீசில் பிளான் வரைகிறாள். நான் பாட்டில் கம்பெனியில் மெக்கானிக். இரண்டு பேருமே டிப்ளமோ. கல்யாணமான புதிதில் நானும் இதே படிப்பில்தான் சேர்ந்தேன். வேலை முடிந்து சாயங்காலம் வகுப்பு. ஒன்றரை வருஷத்தில் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "குடும்பம்னு ஆயிடுச்சி, புள்ள பொறந்துடுச்சி, இன்னா பண்றது" என்று பெருமூச்சு விடுவேன். பண்டசோழநல்லூரில் எங்கள் தெருவே என்னைத் தியாகி ஆக்கியிருந்தது. உண்மை என்னவென்றால், கணக்குப் பேப்பரில் மூன்று தடவை ஃபெயில். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

மறுநாளே அவள் பரணிலிருந்து என் பழைய கணக்குப் புத்தகத்தை இறக்கிவிட்டாள். தூசியைத் துடைத்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அடுப்பு மேடையிலேயே காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் நாலு தடவை போய் எட்டிப் பார்த்தேன். நான் எதில் முழித்துக்கொண்டு நின்றேனோ, அதே கணக்கு. தப்பாகப் போடு, தப்பாகப் போடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மகளுக்குத் தலை வார அவள் எழுந்து போனதும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையை ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சே! அரிசி வேகிற நேரத்துக்குள் போட்டுவிட்டாள். கட்டியவள் மேல் இப்படிப் பொறாமைப்படுகிறவன் ஒரு மனுஷனா என்று தோன்றத்தான் செய்தது. தோன்றியும் பொறாமை குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான், அம்மா, மகள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குக் கடைசி நாளு. நீங்க போயிப் பாத்தவரு, அதனால கேக்குறேன். வேலையையும் வூட்டையும் வெச்சிக்கினு இது முடியுமா? முடியாதுன்னா சொல்லுங்க, விட்டுடறேன்."

என் வாயைத்தான் நம்பிக் கேட்கிறாள். அதுதான் எனக்குப் பெரிய சங்கடம். இதே வீட்டையும் இதே பிள்ளையையும் வைத்துக்கொண்டு இவள் பாஸ் பண்ணிவிட்டால், என் பெருமூச்சுக்கு அப்புறம் என்ன மரியாதை?

"முடியாது. உடம்பு ஒடிஞ்சிப் பூடும்" என்றேன்.

அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. தலையை ஆட்டிவிட்டு, விண்ணப்பத்தை டி.வி.க்கு அடியில் செருகினாள். ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அம்மா அதோடு விடவில்லை. "அதான் நானும் சொன்னேன். உன்னைக் கட்டிக்கினதாலதான் என் புள்ள படிப்பே பாழாப் போச்சி. இப்ப நீ போயி இன்னாத்த கிழிக்கப் போற?"

அவள் அம்மாவின் தட்டில் ரசம் ஊற்றினாள். இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. ஆறு வருஷமாக, பால் பொங்கி வழிந்தால்கூட அம்மா இதில் கொண்டுவந்துதான் முடிப்பாள். நானும் காதில் விழாதவன் மாதிரி சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். அன்றைக்கு என்னவோ எழுந்து போக முடியவில்லை.

"யம்மா, நீ சும்மா இரு. நான் கணக்குல ஃபெயிலும்மா. மூணு வாட்டி எழுதியும் வரல. அவளால ஒண்ணும் இல்ல. அவளுக்குக் கணக்கு வரும், நான் பாத்தேன்."

என் மனைவி சிரித்துவிடுவாள், போனால் போகட்டும் என்பாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் விண்ணப்பத்தை உருவி எடுத்து, தரையில் உட்கார்ந்து முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'நீங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி என்னைக் கூப்பிடாதவள் அவள்.

"இவங்க என்னைச் சொல்றப்பல்லாம் நீ பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்த?"