கேஸ் கேஸ்

பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பதினாறு வருடமாக அக்காள்மடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவள் நான். கடலைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல அவர்கள் கையை விரித்து நிற்பார்கள். பின்னால் எங்கள் பேருந்து ஹாரன் அடித்து ஓய்ந்துபோகும். எனக்கு அந்த நோய் முதன்முதலாக வந்ததும் அப்படி ஒரு காலையில்தான்.

பேருந்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர். திடீரென்று நெஞ்சுக்குள் ஓர் அடி விழுந்தது. பிறகு அடிமேல் அடி. விரல்கள் மரத்துப்போயின. மூச்சை இழுக்க இழுக்க அது உள்ளே போகவில்லை. நாடியைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று முப்பதுக்கு மேல்.

எனக்குத் தொழிலே இதயம்தான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரையும் சோதனை) எடுக்கிறேன். ஆகவே யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன், இது மாரடைப்பு என்று. நாற்பத்திரண்டு வயதில், போட்டோவுக்குப் பல்லைக் காட்டும் நாலு பேரால், நடுப்பாலத்தில் சாகப்போகிறேன்.

சாகவில்லை. மண்டபம் தாண்டும்போதே எல்லாம் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் தினமும் மற்றவர்களைப் படுக்க வைக்கிற கட்டிலில் நானே படுத்தேன். ஜெசிந்தா கிளிப்புகளை மாட்டினாள். அவள் அங்கே நர்ஸ், பத்து வருடச் சிநேகிதி. தாளைக் கிழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“நார்மல்டி. எந்திரி. நீயும் கேஸ் கேஸ் ஆயிட்டியா?”

இந்தச் சொல்லை விளக்கியாக வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, செத்துவிடுவேன் என்று அழுதுகொண்டு சிலர் வருவார்கள். இ.சி.ஜி. சுத்தமாக இருக்கும். டாக்டர் வாயுத்தொல்லை என்று சொல்லி மாத்திரை எழுதுவார். வயிற்றில் கேஸ் என்று வருகிற கேஸ், ஆகவே கேஸ் கேஸ். எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவர் வரை இந்தச் சொல் புழங்கியது. அதை உண்டாக்கியவள் நான்தான்.

அவர்களை எனக்குத் துளியும் பிடிக்காது. புருஷன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணவில்லை, மாமியாரோடு சண்டை, பரீட்சைக்குப் படிக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் நானே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வேன். “நார்மல், எந்திரிங்க” என்று சொல்லும்போது என் நாக்கில் ஒரு ருசி இருக்கும். அந்த ருசியை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். அன்றைக்கு அது ஜெசிந்தாவின் வாயில் இருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. அதே பாலத்தில். பிறகு பாலம் வருவதற்கு முன்னால், பிறகு பேருந்து நிறுத்தத்தில், பிறகு வீட்டில் சேலை கட்டும்போதே. எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமாகப் பார்ப்பது), நடைப்பட்டையில் ஓடவிட்டு எடுக்கும் சோதனை, தைராய்டு என்று எதையும் விடவில்லை. பதினோரு இ.சி.ஜி. தாள்களை ஒரு பிளாஸ்டிக் பைலில் சேர்த்து வைத்தேன். எல்லாம் நார்மல். ஒரு சின்ன அடைப்பாவது இருந்து தொலைக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். அடைப்பு இருந்தால் மரியாதையாக நோயாளி ஆகிவிடலாம்.

இதற்குள் ஊரே எனக்கு வைத்தியர் ஆகிவிட்டது. ஓமத்தண்ணீர், பூண்டுப் பால், கோலி சோடா எல்லாம் வந்தன. அடுத்த வீட்டுக்காரி, “ஒனக்கென்ன கொறச்சல்? புருசன் இருக்காரு, வேலை இருக்கு” என்று என் சொத்துகளை விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு மேதை, காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினார். சிரித்துப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தவள்தான் பயந்துபோனாள்.

“மனச தைரியமா வச்சுக்க” என்று சொல்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கால் ஒடிந்தவனிடம் போய், காலை ஒடியாமல் வைத்துக்கொள் என்று இவர்கள் சொல்வதில்லை. அந்த அளவுக்கு விவரம் உண்டு. மனசு என்று வந்தால் மட்டும் விவரம் எங்கேயோ போய்விடுகிறது. இதை வாசிக்கும் உங்களுக்கும் இப்படி நாலு பேர் வாய்த்திருப்பார்கள். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

என் நாத்தனார் ஒரு நாள் என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் குரலைத் தாழ்த்தினார்.

“சாந்தி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. ஒரு வியாழக்கெழம ஏர்வாடிக்குப் போயிட்டு வந்துருவமா? யாருக்கும் தெரிய வேணாம்.”

மனநோய் தீர அங்குள்ள தர்காவுக்குப் போய் நிம்மதியாகத் திரும்பியவர்களை நான் அறிவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஏர்வாடி என்பதை ஊர்ப்பெயராக மட்டும் யாரும் சொல்வதில்லை, வசவாகவும் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ. நானே எத்தனை பேரை “இது ஏர்வாடி கேஸு” என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த வசவு என் அடுப்படிக்கே வந்து நின்றது. மனநல மருத்துவரிடம் போக எனக்கு எட்டு மாதம் ஆனதற்கு இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அந்த எட்டு மாதத்தில் நான் செய்த கோமாளித்தனங்கள் கொஞ்சமல்ல. பேருந்தில் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கைக்காகச் சண்டை போட்டேன். பையில் சோடா பாட்டில் இல்லாமல் வெளியே இறங்கவில்லை. ஐஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவரை, லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வரச் சொன்னேன். கடைசியில் அதுவும் போதவில்லை. தீவை விட்டு வெளியேற வேறு தரைவழி கிடையாது. ரயிலில் போனாலும் கீழே அதே கடல்தான். வேலைக்குப் போவதை நிறுத்தினேன்.

“வேலைய விட்ரு,” என்றார் அவர். “நான் என்ன ஒனக்குச் சோறு போட மாட்டேனா?”

நல்ல மனிதர். ஆனால் ஆண்களுக்கு எல்லாப் பிரச்சினையும் சோற்றில் போய் முடிந்தால்தான் புரிகிறது. அந்தச் சின்ன இ.சி.ஜி. அறைதான் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கும் ஒரே இடம். “பேசாதீங்க, ஆடாதீங்க” என்றால் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் கட்டை போலக் கிடப்பார். வீட்டில் ஒரு டம்ளர்கூட என் பேச்சைக் கேட்காது. அந்த அறையை இழந்தால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி மேனேஜர் போன் செய்தார். ஒன்றாம் தேதிக்குள் வரவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். மறுநாள் ஜெசிந்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் மடியில் போட்டாள்.

“மூணு வருசமா திங்கிறேன்,” என்றாள்.

“என்னது இது?”

“நீ கேஸ் கேஸுன்னு பேரு வச்சியே, அதுக்கு. எனக்கும் அதான். ஜி.எச்.ல மனநல டாக்டரம்மா குடுத்தது.”

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் கோபம்தான் வந்தது. “அப்பறம் ஏண்டி அன்னைக்கு என்னையப் பாத்துச் சிரிச்ச?”

“சிரிக்காட்டி நீ கண்டுபிடிச்சிருப்பல்ல.”

மூன்று வருடம். ஒரே அறையில், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறை நான் அந்தச் சொல்லைச் சொல்லும்போதும் அவள் சிரித்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு என் மேல் வந்த அருவருப்பு, அதுவரை யார் மேலும் வந்ததில்லை.

அவளோடு போனேன். அவள் பக்கத்தில் இருந்ததால் பாலத்தைத் தாண்டினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு அவள் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும். என் பைலில் இருந்த பதினோரு தாள்களையும் பொறுமையாகப் பார்த்தார். இதற்குப் பெயர் பேனிக் அட்டாக் (ஆபத்து எதுவும் இல்லாதபோது உடம்பு அபாயச் சங்கு ஊதுவது) என்றார். அட்டாக் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு இடமாக விட்டுவிட்டு ஒதுங்குவது அடுத்த கட்டம். நான் ஒரு பாலத்தையே விட்டிருந்தேன்.

“மாத்திரை தாரேன். வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். மொத பத்து நாள் படபடப்பு கூடின மாதிரிகூட இருக்கும். நீங்களா நிறுத்தக் கூடாது. ஒங்களுக்கு ஒரு வேலையும் தாரேன்மா. பாலத்துல போய் எறங்கி நில்லுங்க.”

“நிக்கவா?”

“அது வர்ற வரைக்கும் நில்லுங்க. வந்ததும் ஓடாதீங்க. ஏறும், உச்சிக்குப் போகும், எறங்கும். நீங்க ஒவ்வொரு தடவையும் ஏறும்போதே ஓடிருக்கீங்க. அது எறங்குறத முழுசா நின்னு பாத்ததே இல்ல.”

இது எனக்குச் சுருக்கென்று பட்டது. இ.சி.ஜி. தாள் வினாடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் ஓடும். நாங்கள் சில வினாடிகளுக்கு எடுத்து, ஒரு சாண் தாளைக் கிழித்து, நார்மல் என்று சொல்லி அனுப்பிவிடுவோம். பத்து நிமிட அட்டாக்கை முழுதாக எடுத்தால் பதினைந்து மீட்டர் வரும். கிட்டத்தட்ட மூன்று சேலை நீளம். அதில் முந்தானை நூலைக்கூட நான் பார்த்ததில்லை, மற்றவர்களுக்கும் காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் என்னைப் பாலத்தின் நடுவில் பைக்கிலிருந்து இறக்கிவிட்டார். பதினாறு வருடமாக நான் யாரைத் திட்டினேனோ, அவர்களுக்கு நடுவில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. உள்ளே இருந்து என்னைப்போல ஒருத்தி நிச்சயம் என்னைத் திட்டியிருப்பாள்.

வந்தது. நெஞ்சு அடித்தது. கை நடுங்கியது. ஓடிவிடலாம் என்று திரும்பியபோது, கண்ணாடி போட்ட ஒரு பெண் என் கையில் போனைத் திணித்தாள்.

“அக்கா, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்களேன். ரயில் பாலம் தெரியிற மாதிரி.”

சாகப்போகிறவள் எடுக்கும் படத்தில் ரயில் பாலம் தெரிய வேண்டுமாம். எடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே தெரியலயேக்கா, ஒரே கலங்கலா இருக்கு” என்றாள். அவள் புருஷன் முகத்தில் ஒரு இளக்காரம் ஓடியது. அந்த இளக்காரத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடையது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நில்லுங்க. இன்னொண்ணு எடுக்குறேன்,” என்றேன்.

இரண்டாவதும் கலங்கல். மூன்றாவது, நான்காவது. எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியாது. ஏழாவது படத்தில் அவர்கள் இருவரும், பின்னால் ரயில் பாலமும், அதன் கம்பிகளும் தனித்தனியாகத் தெரிந்தன. என் கை நடுக்கம் நின்றிருந்தது. அது இறங்கியதை நான் பார்த்தேன். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது, வெட்கங்கெட்ட நோய்.

ஒன்றாம் தேதி வேலைக்குப் போனேன். குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது. மாதத்துக்கு ஒரு முறையாவது அது எட்டிப் பார்க்கும். நானும், அழையாமல் வந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேன். என் நெஞ்சு துடிப்பது இப்போது எனக்குக் கேட்கிறது, முன்பு கேட்டதில்லை. பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். பேருந்து பாலத்தில் நின்றால், எப்போது ஹாரன் அடிப்பார்கள், எப்போது நகரும் என்று தவிப்பதில்லை.

வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சு வலித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரி சொன்னாள் என்று சோடா குடிக்காதீர்கள், நான் எழுதினேன் என்று பேனிக் என்றும் முடிவு கட்டாதீர்கள். எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் அது வந்தால், மனநல மருத்துவரிடம் போங்கள். எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு பெண் வந்தார். மீன் விற்கிறவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “செத்துருவேனாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இ.சி.ஜி. எடுத்தேன். வேகம் மட்டும்தான். டாக்டரும் பார்த்துவிட்டு, பயமில்லை என்று போனார். நான் கிளிப்புகளைக் கழற்றவில்லை. மிஷினை மறுபடியும் ஓடவிட்டு, வெளியே வரும் தாளை அவர் கையில் கொடுத்தேன்.

“இந்த முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவுல எத்தன சின்னக் கட்டம் இருக்குன்னு எண்ணுங்க.”

“பதினொண்ணுங்க.”

“எண்ணிக்கிட்டே இருங்க. கட்டம் கூடும். கூடுனா வேகம் கொறையுதுன்னு அர்த்தம்.”

தாள் அவர் கையைத் தாண்டித் தரையில் விழுந்து சுருண்டது. வீணாக்குகிறேன் என்று மேனேஜர் குதிப்பார், குதிக்கட்டும். பன்னிரண்டு என்றார். வெகுநேரம் கழித்துப் பதினாலு என்றார். வார்டு உதவியாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, இவ்ளோ நேரம்? கேஸ் கேஸா?”

ஜெசிந்தா மருந்து அலமாரிப் பக்கம் நின்றிருந்தாள். அவள் இந்த முறை சிரிக்கவில்லை.

“ஆமா,” என்றேன். “மூணு பேரு இருக்கோம். கதவச் சாத்திட்டுப் போ.”

அந்தப் பெண் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலால் தாளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“பதினெட்டுங்க,” என்றார்.