றிஸ்னாவின் இருபத்திரண்டு பாதம்

1. திறப்பு

கல்லூரியின் தடகளப் பிரிவில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்தது ஒரு திறப்பு. பெண் பிள்ளைகளின் கழிவறைப் பூட்டைத் திறக்கும் திறப்பு.

நான் உடற்கல்வி டிப்ளோமா முடித்தவள். பள்ளிக்காலத்தில் அஞ்சலோட்டத்தில் மாகாணம் வரை ஓடியவள். தலைமைப் பயிற்றுநர் மோகன் சேர் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

"நல்லது தங்கச்சி. பொம்பிளைப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு லேடி இல்லாமல் கஷ்டப்பட்டனாங்கள். கோச்சிங்கை நாங்கள் பாப்பம்."

எங்கள் கல்லூரியில் ஒரு முறை உண்டு. பெண் ஊழியர் ஒருவர் ஏறாவிட்டால் பெண் பிள்ளைகளின் பஸ் புறப்படாது. அது நல்ல முறைதான். ஆனால் அந்த முறைக்காக மட்டுமே ஒருத்தியை வேலைக்கு எடுத்ததுபோல நடத்துவது நல்லதல்ல.

நாங்கள் மூன்று பேர். மோகன் சேர், எறிதல் நிகழ்ச்சிகளைப் பார்க்கும் அன்ரன் சேர், நான். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அவர் வீடு திரும்புவதற்குள் காலைப் பயிற்சி தொடங்கிவிடும். அதனால் லிங்கநகரிலிருந்து பத்து மாத மகனைத் தள்ளுவண்டிலில் வைத்து மைதானத்துக்கே கொண்டுவருவேன். எங்கள் ஊரில் தெருவிலும் மைதானத்திலும் மேயும் மான்கள் வந்து வண்டிலை முகர்ந்து பார்க்கும். மோகன் சேர் தினமும் கேட்பார், "இதென்ன நேர்சரியோ?" பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

2. அளவு

மோகன் சேர் பெடியன்களோடு நிற்க, பெண்களின் நான்கு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டம் மெல்ல மெல்ல என் கைக்கு வந்தது. கடைசி ஓட்டம் றிஸ்னாவுக்கு. கிண்ணியாப் பிள்ளை. மணல் லொறி ஓட்டும் வாப்பா. "இந்த வருசம் மட்டும் ஓடட்டும் மிஸ், பிறகு யோசிப்பம்" என்று சொல்லி அனுப்பியவர்.

அஞ்சலோட்டத்தில் கோல் வாங்கப்போகிறவள் வருகிறவளுக்காகக் காத்து நின்று வாங்குவதில்லை. தனக்குப் பின்னால் தடத்தில் ஒரு டேப் ஒட்டியிருப்பாள். ஓடி வருகிறவள் அந்த டேப்பைத் தாண்டிய கணமே இவள் திரும்பிப் பாராமல் பறக்க வேண்டும். டேப் கிட்ட இருந்தால் இருவரும் முட்டிக்கொள்வார்கள். தூர இருந்தால் வருகிறவளால் எட்டிப் பிடிக்க ஏலாது. அந்தத் தூரத்தை ஓடுகிறவளே குதிகாலோடு பெருவிரலைச் சேர்த்து வைத்து நடந்து அளப்பாள். பல கிழமை முயன்று றிஸ்னாவுக்கு நாங்கள் கண்டுபிடித்தது இருபத்திரண்டு பாதம். அவளுடைய பாதம்.

3. கந்தளாய்

போட்டி கந்தளாயில் நடந்தது. மைதானத்துக்குள் இறங்க அணிக்கு ஒரு பயிற்றுநர் அட்டைதான். மோகன் சேர் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்கள் பிள்ளையளின்ர பையள் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு மேல படியில இருங்கோ. வெயில், மகனோட கஷ்டப்படுவியள்."

மகன் அன்று வீட்டில், கணவரோடு இருந்தான். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

எங்கள் ஓட்டத்துக்குச் சற்று முன் மேலிருந்து பார்க்கிறேன். கடைசியாகக் கோல் மாற்றும் இடத்தில் மோகன் சேர் குனிந்து தடத்தைப் பார்த்தபடி குதியும் விரலுமாக நடக்கிறார். காலில் அவருடைய பெரிய சப்பாத்து. டேப்பை ஒட்டினார். றிஸ்னா பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.

எழும்பிக் கத்தினேன். "சேர்! டேப்! டேப் தூரம்! அவளை அளக்க விடுங்கோ!"

பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளையின் தாய் என் தோளைத் தட்டினார். "கத்துங்கோ மிஸ், நல்லாக் கத்துங்கோ. அப்பதான் பிள்ளையளுக்கு உசார் வரும்." அவரும் சேர்ந்து கத்தத் தொடங்கினார். பிறகு முழு வரிசையும் கத்தியது. என் குரல் அதற்குள் போய்விட்டது.

மூன்றாவதாக ஓடிய தர்சிகா இரண்டாம் இடத்தில் வந்தாள். டேப்பைத் தாண்டினாள். றிஸ்னா பறந்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே, திரும்பிப் பாராமல். பின்னால் நீட்டிய கை வெறுமையாகவே இருந்தது. தர்சிகா எட்டி எட்டிக் கோலைக் கொடுத்தபோது இருவரும் கோல் மாற்றி முடிக்க வேண்டிய எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கினார். அணி நீக்கப்பட்டது.

நான் கீழே ஓடி வருவதற்குள் மோகன் சேர் எல்லாருக்கும் முன்னால் தொடங்கிவிட்டார்.

"விசரி! பைத்தியம்! ஆள் வரமுன்னம் பறந்திட்டாய். உன்ர அவசரத்தால நாலு பேரின்ர உழைப்பும் மண்ணாப்போச்சு!"

வேலிக்கு அந்தப் பக்கம் றிஸ்னாவின் வாப்பா நின்றுகொண்டிருந்தார். மகள் ஓடுவதைப் பார்க்க முதல் தடவையாக வந்தவர்.

கழிவறையில் றிஸ்னா முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீரை நிறுத்தினால் அழுகை கேட்கும் என்று கழுவினாள்.

"மிஸ், நான் கேட்டன், சேர், நான் அளக்கட்டா எண்டு. அவர், இருபத்திரண்டுதானே, நான் அளந்திட்டன், போய் நில்லு எண்டார்."

வெளியே வந்ததும் வாப்பா அவளுடைய பையை வாங்கினார். "காணும் மிஸ். ஓடினது போதும்."

4. பஸ்

திரும்பும் பஸ்ஸில் மோகன் சேரின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"சேர், அந்த டேப் பிழை."

"இருபத்திரண்டு நீங்கள் தந்த கணக்குத்தானே? எனக்கு எண்ணத் தெரியாதோ?"

"எண்ணினது சரி சேர். சப்பாத்து பிழை. அது அவளின்ர பாதத்துக்கு எடுத்த அளவு."

பின் சீற்றில் அன்ரன் சேர் சிரித்துவிட்டார். மோகன் சேர் திரும்பிப் பார்த்ததும் இருமலாக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, பிள்ளை பெத்தாப் பிறகு பொம்பிளையளுக்கு எல்லாத்திலயும் ஒரு பயம், ஒரு சந்தேகம். நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பாதேங்கோ. அடுத்தமுறை அவளை நிப்பாட்டிப்போட்டு வேற ஆளைப் போடுவம்."

காது சூடாகிவிட்டது. எனக்கு ஒரு குறை உண்டு. கோபம் வந்தாலும் கூடவே சந்தேகமும் வந்துவிடும். ஒருவேளை அவள் உண்மையிலேயே முந்திவிட்டாளோ? மேலிருந்து பார்த்தது பிழையோ?

அடுத்த நாள் காலை ஏறக்குறைய மோகன் சேரின் அளவேயான கணவருடைய சப்பாத்தை எடுத்து விறாந்தையில் இருபத்திரண்டு தடவை வைத்து அளந்தேன். பிறகு என் காலால் அளந்தேன். எனக்கும் றிஸ்னாவுக்கும் ஒரே அளவுச் சப்பாத்து. இரண்டு முடிவுக்கும் நடுவில் இருந்த வெளியில் மகனைக் கிடத்தினேன். அவனைப் போல இரண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். அவன் மேசைக்காலைப் பிடித்துச் சிரித்தான். அந்த வெளிக்காகத்தான் ஒரு பிள்ளையை விசரி என்றார் மோகன் சேர்.

5. இரண்டு டேப்

வாப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். "ஒரே ஒரு தடவை மைதானத்துக்கு வாங்கோ. றிஸ்னாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு உங்கட விருப்பம்."

வந்தார். லொறியை வாசலில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாப் பிள்ளைகளும் நின்றார்கள். மோகன் சேரிடம், "சேர், அண்டைக்கு அளந்த மாதிரி ஒருக்கா அளந்து காட்டுங்கோ" என்றேன்.

"நான் என்ன சர்க்கஸ்காரனோ?"

அன்ரன் சேர் முன்னே வந்தார். "நான் நடக்கிறன். என்ர காலும் சேரின்ர காலும் ஒரே சைஸ். கடையில கடைசிச் சோடிச் சப்பாத்துக்கு ரெண்டு பேரும் சண்டை பிடிச்சனாங்கள்."

அவர் நடந்து ஒரு டேப் ஒட்டினார். றிஸ்னா நடந்து ஒரு டேப் ஒட்டினாள். வாப்பா இரண்டுக்கும் நடுவில் போய் நின்று, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"அப்ப என்ட புள்ளையில பிழை இல்ல?"

"சின்னத் தவறு, அண்ணை," என்றார் மோகன் சேர். "போட்டியெண்டா நடக்கும். விடுங்கோ."

"விசரி எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க. இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க சேர்."

மோகன் சேர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். வண்டிலில் மகன் அழத் தொடங்கினான். நான் அவனைத் தூக்கப் போகவில்லை. போயிருந்தால் அந்த நேரம் கைவிட்டுப் போயிருக்கும். அதற்காக இன்றைக்கும் மனம் குறுகுறுக்கிறது.

"சேர் சொல்லாட்டி நான் இனிப் பஸ்ஸில ஏற மாட்டன்," என்றேன். "அடுத்தமுறை கீழ மைதானத்துக்குள்ளயும் நான்தான் நிப்பன். இரண்டும் நடக்காட்டி வேற லேடியைத் தேடுங்கோ."

நான் ஏறாவிட்டால் பஸ் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளின் ஓட்டத்தை வைத்து மிரட்டுகிறேனே என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அவர்கள் என்னை அந்த ஒன்றுக்காகத்தானே வைத்திருந்தார்கள் என்று இன்னொரு குரல் சொன்னது.

மோகன் சேர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"பின்னால நிக்கிற பிள்ளையளுக்குக் கேக்கேல்லையாம் சேர்," என்றார் அன்ரன் சேர்.

மோகன் சேர் மான்களைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "டேப் பிழை. நான் ஒட்டினது. பிள்ளையில குற்றமில்லை."

அதன் பிறகுதான் மகனைத் தூக்கினேன்.

வாப்பா லொறியில் ஏற முன் கேட்டார். "அப்ப அடுத்த முறை கீழ நிக்கிறது நீங்கதானா மிஸ்?"

"ஓம்."

"அப்ப புள்ள வரும்."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வெறும் எண்ணிக்கையை மட்டும் ஒருவரிடமும் கொடுக்காதீர்கள். யாருடைய காலால் அளந்த எண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அளக்க அந்தப் பிள்ளையையே விடுங்கள். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அதற்காக வெட்கப்படாதீர்கள். விறாந்தையில் அளந்து பாருங்கள்.

மோகன் சேர் இப்போது மற்றக் கல்லூரிப் பயிற்றுநர்களிடம் சொல்கிறாராம்: "டேப்பை ஓடுற பிள்ளைதான் ஒட்டோணும். இது எங்கட முறை." கேட்டபோது எரிச்சல் வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறத் தேவையும் இல்லை.

கழிவறைத் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போட்டி நாட்களில் பயிற்றுநர் அட்டையையும் அதே கயிற்றில் கொழுவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்குகிறேன். றிஸ்னா குனிந்து, குதியோடு விரல் சேர்த்து நடப்பாள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.