அழ வந்தவர்கள் உரித்த விதைக்கடலை

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, சென்னையில் அறுத்து எடுத்தார்கள். நோயின் பெயரை வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். ‘அந்த நோவு’ என்றால் அதுதான். ஆடிக் கடைசியில் மறுபடியும் வந்து பத்து நாள் ‘கரண்டு’, அதாவது கதிர் வைத்தியம், வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றவள், அப்படியே நின்றுவிட்டேன்.

மோகனூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் திரும்பினால் உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தாக வேண்டும். ரொட்டிப் பாக்கெட்டும் சாத்துக்குடியுமாக வருவார்கள். வந்ததும் பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழாமல் போனால் பாசமில்லை என்று பேச்சு வரும். அம்மா அழமாட்டாள். அவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சோறு வேண்டாம் என்பாள். நான் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் அம்மா செத்துப்போவாள் என்று எனக்குப் பயம்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அம்மா விதைக்கடலை மூட்டையை நடுவீட்டில் இறக்கச் சொன்னாள்.

“மழையே இன்னும் காணமே, அதுக்குள்ள எதுக்கு?” என்றார் அப்பா.

“எறக்கிப் போடுங்க சொல்றன்.”

அன்று அப்பாவின் அக்கா, என் அத்தை வந்தாள். படியேறும்போதே குரலெடுத்தாள். அம்மா ஒரு முறம் நிறையக் கடலைக்காயை அவள் முன்னால் நகர்த்தினாள்.

“அழுவறதுன்னா அழுதுக்கிட்டே உரிங்க நங்கையா. பருப்புல தோலு மட்டும் போயிரக் கூடாது. அப்பறம் மொளைக்காது.”

கண்ணில் நீர் நின்றால் தோல் போவது தெரியாது. இரண்டு கைப்பிடி உரிப்பதற்குள் அத்தையின் அழுகை நின்றுவிட்டது. “நோவுக்காரியப் பாக்க வந்தா வேலை வாங்கறா பாரு” என்று சிரித்தாள். அப்புறம் இருவரும் எதையெதையோ பேசினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். அன்றைக்கு அம்மா இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு யார் வந்தாலும் முறம்தான். பேச்சு ஊருக்குள் பரவியது. கிணற்றடியில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏஞ்சாமி, உங்கூட்டுக்கு நோவு பாக்க வந்தா கூலி உண்டா, சோறு மட்டுந்தானா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. இப்படியே போனால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் சூரமங்கலத்திலிருந்து சித்தி வருவதாக இருந்தது. அம்மாவுக்கு ஒரே தங்கை. அவள் வருவதற்குள் மூன்று முறங்களையும் கொண்டுபோய் வைக்கோல் போரில் செருகிவிட்டேன்.

சித்தி வந்ததும் அம்மா கையால் துழாவி, “மொறத்த எங்கடி?” என்றாள். தெரியாது என்றேன். அதற்குள் சித்தி அம்மாவின் மடியில் விழுந்திருந்தாள். “இந்தப் புள்ளய இனி யாருக்கா பாப்பாங்க” என்று என்னையும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சித்தி போனதும் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப்போய் முறங்களை எடுத்துவந்து மூட்டைமேல் வைத்தேன்.

“கெடச்சிருச்சா” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

ஆடிக் கடைசியில் அம்மாவும் அப்பாவும் சென்னைக்குப் போனார்கள். “தெனமும் ஒருத்தரு கூட இருப்பாங்க, பயந்துக்காத” என்று சொல்லிவிட்டுப் போனாள் அம்மா. அத்தை வந்தாள். அவள் போக, பெரியம்மா வந்தாள். கடலை உரித்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து எருமை கறந்தார்கள், எனக்குத் தலை வாரிவிட்டார்கள். கடைசி இரண்டு நாள் மட்டும் யாரும் வரவில்லை. பகலெல்லாம் எருமையும் நானும்தான். பொழுது சாய்ந்ததும் அடுத்த தோட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். அழத் தெரிந்த சித்திக்கு வரத் தெரியவில்லையே என்று வந்த கோபம், வருஷக்கணக்கில் தீரவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, அம்மா என் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்த பிறகு, ஒருநாள் சித்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“கடலை உரிக்க வெச்சு, நீ எந்த நாளு வந்து புள்ளகூட இருப்பேன்னு எல்லார்த்தையும் கேட்டாளாம் எங்கக்கா. என்னைய மட்டும் ஒரு வார்த்த கேக்கல.”

முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு அம்மா என்னதான் பேசினாள் என்று அந்த ஆனி மாதத்தில் ஒருநாள்கூட நான் காது கொடுத்துக் கேட்டதில்லை.