ஜெயசுந்தரிக்கு வந்த காலை வசனம்

ஜெயசுந்தரி எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் மிஸ். பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே தெலுங்கு ஊர்ல, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல. பேச்சுல பாதி அப்பா அம்மாவோட திருநெல்வேலி, மீதி இந்த ஊர் உருது: வேண்டாம்னா 'நக்கோ', ஆமான்னா 'ஹவ்'. மதுரைக்காரி நான், வந்த புதுசுல அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பேன். வீட்டுக்காரர் ஏனோக் தவறினப்புறம் அவ தனிக்கட்டை. பிள்ளைகுட்டி கிடையாது.

வேலைன்னு வந்துட்டா புலி. நெட்ல பிள்ளைகளுக்கு ஏதாவது வம்பு வந்தா டீச்சர் என்ன செய்யணும்னு ஸ்கூல் ஸ்கூலாப் போய்ச் சொல்லித் தருவா. போன மாசம் எங்க ஸ்டாஃப் ரூம்ல அவளே பிள்ளையா நடிச்சா. "மிஸ், தெரியாத ஒருத்தன் என் போட்டோ கேக்குறான்"னு தெலுங்குல சொன்னா. நான் டீச்சரா நடிக்கணும். எடுத்த எடுப்புல, "அவன்கிட்ட உனக்கென்னடி பேச்சு?"ன்னு பாய்ஞ்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் என் பக்கம் குனிஞ்சு தமிழ்ல சொன்னா: "இனிமே அந்தப் பிள்ளை உன்கிட்ட வாயே திறக்காது கனகா. சொன்னது நல்லதும்மான்னு முதல்ல சொல்லு." எனக்குச் சுருக்குன்னுச்சு. என் வாய் அப்படி, என்ன செய்ய!

சனிக்கிழமை ஸ்கூல் விட்டதும் என்னை லேபுக்குக் கூப்பிட்டா. கதவைச் சாத்திட்டு போனை நீட்டினா. பிளஸ்ஸன் பிரதர்னு ஒருத்தன், நாலஞ்சு மாசமா தினம் காலையில வேதவசனம் அனுப்புறான். இங்கிலீஷ்ல வந்திருந்தா அன்னைக்கே பிளாக் பண்ணியிருப்பா. "ஸ்தோத்திரம் அக்கா"ன்னு தமிழ்ல வரவும் நம்ம சபை ஆளுன்னு நம்பிட்டா. இப்போ, "வீட்ல தனியாத்தானே இருக்கீங்க? அட்ரஸ் அனுப்புங்க, ஜெபம் பண்ண வர்றேன்"ங்கிறான். அப்புறம்தான் சபையில விசாரிச்சிருக்கா. அப்படி ஒரு ஆளே கிடையாதாம். கீழே பார்த்தேன். அட்ரஸை முழுசா டைப் பண்ணி வச்சிருந்தா, அனுப்பல.

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவளுக்கே புத்தி எங்கடி போச்சுன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"என்கிட்ட சொன்னது நல்லது சுந்தரி."

அவ கண்ணு நிறைஞ்சிடுச்சு.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோ, போலீஸ்ல கொடுப்போம். அப்புறம் பிளாக் பண்ணு"ன்னேன்.

"அதெல்லாம் எடுத்தாச்சு. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"பின்னே ஏன் உட்கார்ந்திருக்க? அமுக்கு!"

விரல் திரைக்கு மேலயே நின்னுச்சு. "அவன் பொய்யன்னு தெரியும் கனகா. ஆனா ராத்திரி, சாப்பிட்டீங்களாக்கான்னு கேக்குறது அவன் ஒருத்தன்தான்."

அய்யோன்னு இருந்துச்சு எனக்கு. "நான் கேக்குறேன்டி"ன்னேன்.

"நீ ரெண்டு நாள் கேப்ப. அப்புறம் உனக்குப் புருஷன், பிள்ளைங்க, சமையல்"னா. கோபமே இல்ல குரல்ல. அப்படிச் சொல்லிக்கிட்டே அவனை பிளாக் பண்ணினா.